தெலுக் பங்லிமா காராங்கில் இறங்கும் மண், பிரிக்பீல்ட்ஸில் ஏறும் மாடி

கிள்ளான் – பந்திங் சாலையை ஒட்டிய புதிய தாமான்களில் தரை வீடு வாங்கிக் குடியேறியவர்களுக்குச் சில ஆண்டுகளில் ஒரு விசித்திரம் கண்ணில் படும். சாவி வாங்கிய அன்று வாசலில் இரண்டு படிதான் இருந்திருக்கும். இப்போது மூன்றாவது படி தேவைப்படும். கார் நிறுத்தும் சிமெண்டுத் தரை வீட்டுச் சுவரை விட்டு விலகி, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருக்கும். வீடு உயர்ந்துவிட்டதா என்று கேட்கத் தோன்றும். வீடு அப்படியேதான் இருக்கிறது, சுற்றியுள்ள மண்தான் கீழே போயிருக்கிறது.

தெலுக் பங்லிமா காராங், பெயரிலேயே 'தெலுக்' என்ற வளைகுடாவை வைத்திருக்கும் கடலோரச் சமவெளி ஊர். அதன் அடியில் கிடப்பது பொறியியலாளர்கள் 'கிள்ளான் களிமண்' என்று தனிப் பெயரிட்டு ஆராயும் கடல் களிமண். பல இடங்களில் 20 மீட்டருக்கும் ஆழமாக இறங்கும் அந்த மண், ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் பஞ்சு போன்றது. கடலை விட்டு உள்ளே தள்ளிப் போனால் 'தானா கம்புட்' என்று மலாயில் சொல்லும் கரிச் சதுப்பு மண் வரும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் தேங்கிய இலையும் வேரும்தான் அது. அதன் எடையில் பெரும்பங்கு தண்ணீர். கால்வாய் வெட்டி அந்தத் தண்ணீரை வடித்ததும் இரண்டு காரியம் நடக்கிறது. மண் சுருங்குகிறது. பிறகு காற்று உள்ளே புகுந்து, அதுவரை மட்காமல் இருந்த தாவரப் பொருளை மெல்ல எரிப்பதுபோல் சிதைக்கிறது. தென்கிழக்காசியத் தோட்டங்களில் எடுத்த அளவுகளின்படி, வடிகட்டிய முதல் ஐந்து ஆண்டுகளில் இந்த மண் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கலாம். அதற்குப் பிறகும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கும்.

வீட்டை மட்டும் ஆழத்தில் இறக்கிய பைலிங் தூண்கள் தாங்கிப் பிடித்திருக்கும். சாலையையும் சாக்கடையையும் வாசல் தளத்தையும் தாங்க அப்படி எதுவும் கிடையாது. வாசல் இறங்குவதும், சாக்கடை தன் சாய்மானத்தை இழந்து தண்ணீரை எதிர்த்திசையில் தேக்குவதும் இதனால்தான்.

இப்படிப்பட்ட நிலத்தில் ஏன் வீடு கட்டுகிறோம் என்ற கேள்விக்கான விடை 50 கிலோமீட்டர் தள்ளி, கோலாலம்பூரின் நடுவில் இருக்கிறது. அங்கே வேலை இருக்கிறது. அங்கே வேலை செய்பவர் வாங்கக்கூடிய விலையில் வீடு இல்லை. அவர் வெளியே வருகிறார். முதலில் பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்தார்கள், அடுத்து ஷா ஆலமுக்கும் கிள்ளானுக்கும். இப்போது கோல லங்காட் வட்டாரம் வரை வந்தாகிவிட்டது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2010-இல் 54.6 லட்சமாக இருந்த சிலாங்கூர் மக்கள்தொகை 2020-இல் 69.9 லட்சமானது. பத்தே ஆண்டுகளில் 15 லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள். கோலாலம்பூரோ 2020-இல் 19.8 லட்சத்தில் நின்றது. 2004-இல் வெளியான கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2020-க்குள் 22 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தது. அந்த எண்ணை நகரம் தொடவில்லை. 2040-க்கான புதிய திட்டம் 23.5 லட்சத்தை எதிர்பார்க்கிறது.

வெளியே பரவுவதற்கு எல்லை உண்டா என்ற கேள்வி 2021-இல் நம் வட்டாரத்திலேயே எழுந்தது. வட கோல லங்காட் காப்புக் காட்டில் ஏறத்தாழ 537 ஹெக்டர் சதுப்புக் காட்டின் காப்பு நிலையை மாநில அரசு அந்த ஆண்டு மே மாதம் நீக்கியது. அங்கே வரவிருந்தது கலப்பு மேம்பாட்டுத் திட்டம். காட்டை நம்பி வாழும் தெமுவான் பூர்வகுடியினரும் சுற்றுச்சூழல் இயக்கங்களும் கடுமையாக எதிர்த்தார்கள். செப்டம்பரில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த வெள்ளத்தில் ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா முழுகியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆற்றின் வெள்ளச் சமவெளியில் தாழ்வாக அமைந்த குடியிருப்பு அது.

ஆக, நகருக்குள்ளேயே கூடுதல் பேரைக் குடிவைக்க முடியுமா என்று பார்த்தாக வேண்டும். முடியும் என்றால் எப்படி?

ஒரு ஏக்கரில் எத்தனை குடும்பம்?

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சாலை, சாக்கடை, விளையாட்டுத் திடல் ஆகியவற்றுக்கு 40 விழுக்காட்டை ஒதுக்கினால் மிஞ்சுவது சுமார் 26,000 சதுர அடி. இதில் 22-க்கு 70 அடி அளவில் வரிசை வீடு கட்டினால் 17 வீடு வரும். வீட்டுக்கு 4 பேர் என்றால் 68 பேர்.

அதே 26,000 சதுர அடியில் பாதியை மட்டும் கட்டடத்துக்கு எடுத்துக்கொண்டு, மறுபாதியைத் திறந்த முற்றமாக விட்டு, 6 மாடி எழுப்புவோம். மொத்தத் தளம் 78,000 சதுர அடி. நடைபாதை, படிக்கட்டு, மின்தூக்கிக்கு ஐந்தில் ஒரு பங்கு போனால் வீடுகளுக்கு 62,000 சதுர அடி கிடைக்கும். 850 சதுர அடி கொண்ட மூன்று அறை வீடாகப் பிரித்தால் 73 வீடு. தரை வீட்டைப்போல் நான்கு மடங்குக்கு மேல்! இத்தனைக்கும் 40 மாடி கட்டவில்லை. தென்னை மர உயரம்தான் ஏறியிருக்கிறோம்.

மொத்தத் தளப்பரப்பை நிலப்பரப்பால் வகுத்தால் வருவதுதான் தளப்பரப்பு விகிதம். மாநகர மன்ற ஆவணங்களில் 'நிஸ்பா பிளாட்' என்று இருக்கும். விகிதம் 4 என்றால் ஒரு சதுர அடி நிலத்துக்கு 4 சதுர அடி தளம் கட்டலாம். இந்த ஓர் எண்ணை மாற்றினாலே நிலத்தின் விலை மாறிவிடும். பின்னால் மறுபடி தேவைப்படும், நினைவில் வைத்திருங்கள்.

அடர்த்தி என்றாலே வானளாவிய கோபுரம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி மார்ட்டின், லயனல் மார்ச் என்ற இருவர் 1960களில் இந்த நம்பிக்கையைக் கணிதத்தால் சோதித்தார்கள். ஒரு மனையின் நடுவில் கோபுரத்தை நட்டு, சுற்றிலும் வெற்றிடம் விடுவது ஒரு முறை. மனையின் விளிம்பைச் சுற்றிக் கட்டடத்தை வளைத்து, நடுவில் முற்றம் விடுவது இன்னொரு முறை. விளிம்பு என்பது நீளமானது. மெல்லிய கட்டடத்தை அதன் மேல் ஓட்டினாலே நிறையத் தளம் கிடைத்துவிடுகிறது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியை எடுத்துக்கொண்டு, சராசரி 21 மாடிக் கோபுரங்களில் கிடைக்கும் தளத்தை 7 மாடி முற்றக் கட்டடங்களிலேயே அடக்கிவிடலாம் என்று மார்ட்டின் காட்டினார்.

நேரில் பார்க்க வேண்டுமானால் பார்சலோனாவின் எய்ஷாம்ப்ளா வட்டாரம் இருக்கிறது. 1859-இல் இல்டெஃபோன்ஸ் செர்டா என்ற பொறியியலாளர் வரைந்த சதுரக் கட்டங்கள். பெரும்பாலும் 6, 7 மாடிக் கட்டடங்கள்தான். அங்கே சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 35,000 பேர் வாழ்கிறார்கள். அதிகம் உயராத கட்டடங்கள் கொண்ட பாரிஸில் சுமார் 20,000 பேர். இரட்டைக் கோபுரமும் அதைவிட உயர்ந்த கோபுரங்களும் வைத்திருக்கும் கோலாலம்பூரில் 2020 கணக்குப்படி எவ்வளவு தெரியுமா? 8,157. கோபுரங்களுக்கு இடையே நெடுஞ்சாலை, வளைவுப் பாலம், கார் நிறுத்துமிடம், காலி மனை என்று நிலம் கரைந்துபோயிருக்கிறது.

பார்சலோனாவை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்துவிட முடியாது. அங்கே குளிர்காலத்தில் சாய்வாக விழும் வெயிலை உள்ளே இழுக்க வேண்டும். நமக்கு உச்சி வெயில். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது. சூரியன் ஆண்டு முழுக்கத் தலைக்கு மேலேயே நடக்கிறது. கிழக்கு, மேற்குச் சுவர்தான் காலையிலும் மாலையிலும் நேரடியாகச் சுடும். அதனால் நீண்ட முகங்களை வடக்கும் தெற்கும் பார்த்து வைக்க வேண்டும். அக்கம்பக்கக் கட்டடத்தின் நிழல் நமக்கு வரம். ஆனால் காற்று? கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்று பலவீனமானது. நாலு பக்கமும் அடைத்த முற்றத்துக்குள் அது நுழையாது. மூலைகளைத் திறந்துவிட்டு, தரைத் தளத்தைத் தூண்கள் மேல் நிறுத்தினால் நுழையும். கம்பத்து வீடுகளைக் கால் மேல் நிறுத்தியவர்களுக்கு இது நெடுங்காலத்துக்கு முன்பே தெரியும். பழைய கடைவீடுகளின் நடுவே இருந்த காற்றுக் கிணறும், வெயில் படாமல் நடக்க வைத்த ஐந்தடி நடைபாதையும் இந்த வகை அறிவுதான். நகரின் நடுப்பகுதி சுற்றுப்புறத்தைவிடச் சில பாகை சூடாக இருப்பதை மலேசிய தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷாம் சானி 1970களிலேயே அளந்து எழுதத் தொடங்கிவிட்டார். அந்தச் சூட்டைக் கூட்டாமல் ஆளைக் கூட்டுவதுதான் சவால்.

காருக்கும் ஒரு வீடு

மேலே போட்ட 73 வீட்டுக் கணக்கில் ஒன்றை வேண்டுமென்றே மறைத்தேன். அந்த 73 குடும்பங்களின் கார் எங்கே நிற்கும்?

வீட்டுக்கு ஒன்றரை கார் என்றால் 110 கார். ஒரு கார் நிற்கும் கட்டம் 135 சதுர அடி இருந்தாலும், வந்து திரும்பும் பாதையையும் சரிவுப் பாதையையும் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் 300 சதுர அடி போகும். மொத்தம் 33,000 சதுர அடி. மனிதர்களுக்கு 62,000, கார்களுக்கு 33,000! கோலாலம்பூரின் புதிய கொண்டோமினியங்கள் எல்லாம் ஏழெட்டு மாடி கார் நிறுத்துமிடத்தின் தலையில் ஏறி உட்கார்ந்திருப்பதன் காரணம் இதுதான். முதல் வீடே எட்டாவது மாடியில் தொடங்கும் கட்டடத்தில், தெருவில் விளையாடும் பிள்ளையைப் பாட்டி ஜன்னலிலிருந்து பார்க்க முடியாது. அந்தக் காங்கிரீட்டின் செலவும் வீட்டு விலையில்தான் சேரும்.

ஆகவே அடர்த்தியும் ரயிலும் இரட்டைப் பிள்ளைகள். ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிடம் நடக்கும் தூரம் ஏறக்குறைய 400 மீட்டர். அந்த வட்டத்துக்குள் 124 ஏக்கர் அடங்கும். அங்கே குடியிருப்பவருக்கு இரண்டாவது கார் தேவையில்லை, சிலருக்கு முதலாவதும் தேவையில்லை. பீட்டர் நியூமன், ஜெஃப்ரி கென்வர்த்தி என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1989-இல் 32 நகரங்களை ஒப்பிட்டு, அடர்த்தி குறையக் குறைய ஆளுக்கு ஆகும் பெட்ரோல் எப்படி ஏறுகிறது என்று காட்டினார்கள். வருமானம், பெட்ரோல் விலை போன்ற மற்றக் காரணங்களும் இருக்கின்றன என்று அவர்களுடன் மோதியவர்கள் உண்டு. ஆனாலும் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து கோலாலம்பூர் போய்வருபவருக்கு அந்த ஆய்வு தேவைப்படாது. நாளுக்கு 100 கிலோமீட்டர், மாதம் 22 நாள், 2,200 கிலோமீட்டர். சிறிய காருக்கே 150 லிட்டர் பெட்ரோல், அதாவது 300 ரிங்கிட். டோல் தனி. ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால் மாதத்தில் 55 மணி நேரம் சாலையில் போகிறது. ஒரு வாரத்துக்கும் மேற்பட்ட வேலை நேரம் அது.

இந்தக் கண்ணோட்டத்தில் பிரிக்பீல்ட்ஸைப் பார்த்தால் மனம் கொஞ்சம் சங்கடப்படும். கோலாலம்பூரை எரித்த 1881 தீக்குப் பிறகு செங்கல்லில் கட்ட வேண்டும் என்று முடிவானபோது, அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடம் அது. பிறகு ரயில்வே தொழிலாளர்களின் ஊராகியது. தமிழர்களும் இலங்கைத் தமிழர்களும் வேலையிடத்துக்கு நடந்தே போய்வந்த குடியிருப்பு. இன்றைய நகரத் திட்ட வல்லுநர்கள் கனவு காணும் அமைப்பு அங்கே ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது. பழைய ரயில் பெட்டி நிறுத்துமிடத்தின் 72 ஏக்கரில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. நாட்டிலேயே அதிக ரயில் தடங்கள் கூடும் இடம். அங்கே அலுவலகம், ஹோட்டல், பேரங்காடி எல்லாம் வந்தன. வீடுகளும் வந்தன, சொகுசு கொண்டோமினியங்களாக. காரே தேவைப்படாத இடத்தில், கார் வாங்க முடியாதவருக்கு வீடு அமையவில்லை என்பது என் வருத்தம்.

அடர்த்தியைப் பற்றிய நம் பயம்

"அடுக்குமாடியா? வேண்டாமப்பா" என்று நம்மவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் அனுபவம் அப்படி. 1990களின் பிற்பகுதியிலிருந்து புறம்போக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் மாநகரின் பிபிஆர் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். மாதம் 124 ரிங்கிட் வாடகை. 17, 18 மாடி உயரம், ஒரு புளோக்குக்கு வழக்கமாக 316 வீடு.

இங்கே பிரச்சினை எண்ணிக்கையில் இல்லை, மின்தூக்கியில் இருக்கிறது. 316 வீட்டில் 1,264 பேர் இருப்பதாகவும், காலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையே 700 பேர் கீழே இறங்குவதாகவும் கொள்வோம். ஒரு மின்தூக்கி 12 பேரை ஏற்றி இறக்கி மறுபடி மேலே போக 3 நிமிடம் எடுத்தால், மணிக்கு 240 பேர். மூன்று மின்தூக்கி ஓடினால் 720 பேர். சரியாகப் போதும். ஒன்று பழுதானால் 480. ஏழு மணிக்கு 220 பேர் இன்னும் மேலேயே நிற்பார்கள். வரிசைக் கோட்பாடு என்ற கணிதத் துறை சொல்வது இதைத்தான்: கொள்ளளவின் விளிம்பில் ஓடும் அமைப்பில் ஒரு சின்னக் கோளாறு வந்தாலும் காத்திருப்பு கொஞ்சமாகக் கூடாது, தாவிக் கூடும். பள்ளிக்கூட பஸ் காத்திருக்காது. இதனால்தான் 4, 5 மாடி பழைய ஃபிளாட்டில் இருப்பவர் தன் ஃபிளாட்டை விட்டுக்கொடுக்கத் தயங்குகிறார். அங்கே மின்தூக்கியே இல்லை, பழுதாவதற்கும் ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்தாவது மாடியில் முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவுக்கு அந்த வீடே சிறை என்பதையும் சொல்ல வேண்டும்.

2018 ஜனவரியில் பந்தாய் டாலாமில் உள்ள ஒரு பிபிஆர் குடியிருப்பில் மேலிருந்து விழுந்த நாற்காலி 15 வயது பள்ளி மாணவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. நல்ல பழக்கம் பற்றி நிறையப் பேசினோம். பெரிய பொருட்களைப் போட இடம் இருந்ததா, அதைக் கீழே கொண்டுபோக மின்தூக்கி ஓடியதா, நடைபாதைக்கு மேலே கூரை போட்டிருந்தார்களா என்ற வடிவமைப்புக் கேள்விகளைக் குறைவாகவே கேட்டோம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று கழிவுநீர். நகருக்குள் ஆள் கூடினால் பழைய குழாய் தாங்குமா? ஓரளவு தாங்க வைக்கும் வேலை நடந்திருக்கிறது. கம்போங் கெரிஞ்சிக்கு அருகே பந்தாய் 2 கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நிலத்துக்கு அடியில் கட்டப்பட்டது. 14 லட்சம் பேரின் கழிவைக் கையாளும் கொள்ளளவு அதற்கு உண்டு. மேலே பூங்கா, பூப்பந்துத் திடல். ஒரே இடத்தில் இத்தனை பேருக்குச் செய்யும்போது ஆளுக்கு ஆகும் செலவு குறையும். தாமான் தாமானாகச் சிதறிக் கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய நிலையம், ஒரு பம்பு, ஒரு பராமரிப்பு ஆள். இறங்கும் மண்ணில் குழாய் உடைவது போனஸ்.

இடித்துக் கட்டியபோது என்ன ஆனது?

நகருக்குள் காலி நிலம் குறைவு. கூடுதல் வீடு என்றால் பழையதை இடித்தாக வேண்டும். நம்மிடம் மூன்று விதமான அனுபவம் இருக்கிறது.

1964-இல் தொடங்கிய பெக்கெலிலிங் ஃபிளாட், டென்மார்க்கின் லார்சன் – நீல்சன் முறையில் தொழிற்சாலையில் வார்த்த பலகைகளைக் கொண்டுவந்து பொருத்திக் கட்டியது. 17 மாடியில் ஏழு புளோக்குகள், 3,000-க்கு நெருக்கமான வீடுகள். நாட்டில் முன்வார்ப்புக் கட்டுமானத்தின் முதல் பெரிய சோதனை அதுதான். குடியிருந்தவர்கள் வேறு இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கட்டடம் பல ஆண்டு பாழடைந்து நின்று, பிறகு இடிக்கப்பட்டது. அந்தக் குடியிருப்பும் கலைந்தது.

1967-இல் கட்டிய ரசாக் மென்ஷனில் கதை வேறு. 658 வீடு. அதே வட்டாரத்தில் புதிய கட்டடத்தை முதலில் எழுப்பி, பழைய வீட்டுக்குப் பதில் பெரிய புதிய வீட்டைக் கொடுத்துவிட்டுத்தான் பழையதை விட்டு வெளியேறினார்கள். அக்கம்பக்கத்தார் மாறவில்லை, பிள்ளைகளின் பள்ளியும் மாறவில்லை.

மூன்றாவது நம் மக்களை நேராகத் தொடுவது. புக்கிட் கியாரா தோட்டத்தில் ரப்பர் வெட்டியவர்களின் குடும்பங்கள் 1982-இல் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டிய நீள்வீடுகளில் தற்காலிகமாகக் குடிவைக்கப்பட்டன. ஏறத்தாழ 100 குடும்பம். நிரந்தர வீடு வரும் என்பது வாக்குறுதி. முப்பத்தைந்து ஆண்டு கழித்து 2017-இல் ஒரு திட்டத்துக்கு அனுமதி வந்தது. தாமான் ரிம்பா கியாரா பூங்காவின் 12 ஏக்கரில் 42 முதல் 54 மாடி வரை எட்டுக் கோபுரம், கூடவே 29 மாடியில் 350 மலிவு வீடு. நீள்வீட்டுக்காரர்களுக்கான வீடு இந்தக் கடைசிக் கட்டடத்தில். மற்ற எட்டுக் கோபுரம் அதற்கான செலவை ஈட்டித் தருமாம்! பூங்காவை இழக்க விரும்பாத அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. தீர்ப்பு பூங்காவைக் காத்தது. ஆனால் 1982-இல் கைக்குழந்தையாக நீள்வீட்டுக்குள் வந்தவருக்கு அப்போது வயது 41 ஆகியிருந்தது. நூறு வீட்டுக்காக இத்தனை கோபுரம் ஏன் தேவைப்பட்டது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கூடுதல் மாடி யாருக்கு?

மறுகட்டுமானத்துக்கு எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும் என்பதில் இன்னொரு சிக்கல். 1985-ஆம் ஆண்டு அடுக்குமாடி நில உரிமைச் சட்டப்படி, ஒரு அடுக்குமாடித் திட்டத்தைக் கலைக்க எல்லா உரிமையாளர்களும் சம்மதிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் மக்களவையில் தாக்கலான நகர்ப்புற மறுசீரமைப்பு மசோதா இந்த அளவைக் குறைக்க முன்வந்தது. 30 ஆண்டுக்கு உட்பட்ட கட்டடத்துக்கு 80 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதற்கு 75, பாதுகாப்பற்றதாகவோ கைவிடப்பட்டதாகவோ இருந்தால் 51. சிங்கப்பூரில் தனியார் கட்டடங்களுக்கு 1999 முதல் 10 ஆண்டு கடந்திருந்தால் 80, இல்லையென்றால் 90 விழுக்காடு. விவாதம் முழுக்க இந்த எண்களைச் சுற்றியே நடந்தது. எனக்கென்னவோ, முன்பு நினைவில் வைக்கச் சொன்ன அந்த இன்னோர் எண்தான் முக்கியமாகப் படுகிறது.

எடுத்துக்காட்டுக்கு 2 ஏக்கரில் 160 வீடு கொண்ட பழைய ஃபிளாட். வீடு ஒவ்வொன்றும் 500 சதுர அடி. பொது இடத்தையும் சேர்த்தால் 1 லட்சம் சதுர அடித் தளம். தளப்பரப்பு விகிதம் 1.15. இதை இடித்து, பழையவர்களுக்குத் தலா 850 சதுர அடி இலவசமாகக் கொடுப்பதாக வைப்போம். அதற்குப் பொது இடத்தோடு 1 லட்சத்து 70 ஆயிரம் சதுர அடி வேண்டும். கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 300 ரிங்கிட் என்றால் 51 மில்லியன் ரிங்கிட். இதை ஈடுகட்டக் கூடுதல் வீடு கட்டி விற்க வேண்டும். விற்பனை விலை சதுர அடிக்கு 700 ரிங்கிட் என்று எடுத்துக்கொண்டால், பொது இடத்தைக் கழித்துக் கட்டிய ஒவ்வொரு சதுர அடிக்கும் 560 வரும். செலவு போக 260 மிஞ்சும். 51 மில்லியனை 260-ஆல் வகுத்தால் 1 லட்சத்து 96 ஆயிரம் சதுர அடி. ஆக மொத்தம் 3 லட்சத்து 66 ஆயிரம் சதுர அடி கட்டினால் கணக்கு நேராகும். அது விகிதம் 4.2.

இப்போது மாநகர மன்றம் 6 வரை அனுமதி தருகிறது என்று வையுங்கள். 4.2-க்கும் 6-க்கும் இடையே உள்ள தளத்தில் மட்டும் மிஞ்சுவது 40 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல். 160 குடும்பத்துக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 2 லட்சத்து 55 ஆயிரம் ரிங்கிட். வங்கி வட்டி, இடைக்கால வாடகை, அரசுக் கட்டணம், மேம்பாட்டாளரின் ஆதாயம் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். நான் எடுத்த விலைகள் உத்தேசமானவை. உங்கள் பகுதி விலையைப் போட்டால் வேறு எண் வரும். ஆனால் கணக்கின் வடிவம் மாறாது. மிச்சம் பிறப்பது சிமெண்டிலிருந்து அல்ல, ஒரு காகிதத்தில் 1.15 என்பதை 6 ஆக்கும் அனுமதியிலிருந்து. உரிமையாளர் கூட்டத்தில் புதிய வீட்டின் வண்ணப்படம் காட்டப்படும்போது, புதிய விகிதம் எவ்வளவு என்று ஒருவர் எழுந்து கேட்டால் பேச்சின் போக்கே மாறும்.

கேட்க வேண்டிய இரண்டாவது எண் பராமரிப்புக் கட்டணம். பழைய ஃபிளாட்டில் அது சின்னத் தொகை. புதிய கோபுரத்தில் மின்தூக்கி, பம்பு, காவலர், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. சதுர அடிக்கு 30 காசு என்றாலும் 850 சதுர அடிக்கு 255 ரிங்கிட். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் கேட்கும் 10 விழுக்காடு சேமநிதியையும் சேர்த்தால் மாதம் 280. பிபிஆர் வாடகையைப்போல் இரண்டு மடங்கு, அதுவும் சொந்த வீட்டுக்கு. வீட்டை இலவசமாகப் பெற்ற ஓய்வூதியக்காரர் இந்தக் கட்டணத்தை இரண்டு மூன்று ஆண்டு கட்டிப் பார்ப்பார். முடியாதபோது நல்ல விலைக்கு விற்றுவிட்டு, மாதக் கட்டணம் இல்லாத தரை வீடு தேடிக் கிள்ளானைத் தாண்டி வருவார். பழையவர்களுக்கும் புதியவர்களுக்கும் தனித்தனிப் புளோக், எளிய வசதி, தனிக் கட்டணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டால் அந்த இடப்பெயர்வைத் தவிர்க்கலாம். சம்மதக் கையெழுத்து போடுவதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும்.